‘ஆங்கிலம் சரியில்லை’ன்னு ரெவ்யூவர் எழுதினா

தம்பி, உங்க முதல் ஆய்வுப் பேப்பரை இதழுக்காக மதிப்பிட்ட ரெண்டாவது ரெவ்யூவர் ‘ஆங்கிலம் தாய்மொழியா இருக்கறவர்கிட்ட காட்டித் திருத்துங்க’ன்னு ஒரே வரியில எழுதிட்டார், நான் இதுக்கு லாயக்கில்லையோன்னு கேட்டிருக்கீங்க. நான் வெளிநாடு வந்து 14 வருஷம் ஆச்சு. அந்த வரியை நாலு தடவை வாங்கியிருக்கேன்.

2023-ல தட்சுயா அமானோ குழு 8 நாடுகள்ல 908 சுற்றுச்சூழல் ஆய்வாளர்களைக் கேட்டு, பிளாஸ் பயாலஜி இதழ்ல எழுதினாங்க. மொழியைக் காரணம் காட்டி நிராகரிக்கறது, ஆங்கிலம் தாய்மொழியா இருக்கறவங்களை விட நம்மள மாதிரி ஆளுங்களுக்குச் சுமார் 2.5 மடங்கு அதிகம்; மொழியைத் திருத்தச் சொல்றது 12.5 மடங்கு. உங்க ஒருத்தர் தலையெழுத்து இல்ல இது.

அதுக்காக அந்த வரியைத் தூக்கிப் போட்டுடாதீங்க. ரெவ்யூவருக்கு நான் எழுதின முதல் பதில் கடிதத்துல அவர் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கு மேலயும் ‘ரெவ்யூவரின் டவுட்’னு தலைப்பு வெச்சிருந்தேன். நமக்கு டவுட்னா கேள்வி. ஆங்கிலம் தாய்மொழியா இருக்கறவங்க காதுல ‘நம்பலை’ன்னு விழும். ‘உங்க முடிவை நான் சந்தேகப்படவே இல்லையே, விளக்கம்தானே கேட்டேன்’னு கடுப்பா பதில் வந்துச்சு. இலக்கணப் பிழை ஒண்ணுகூட இல்லாத கடிதம் அது!

இன்னொண்ணு, நம்ம வாக்கியத்துல வினை கடைசியில வரும். காரணம், நிபந்தனை, விதிவிலக்கு எல்லாம் அடுக்கி முடிவைக் கடைசியில வெப்போம். அதே பழக்கத்துல ஆங்கிலம் எழுதினா படிக்கறவர் பாதி வழியிலேயே தொலைஞ்சுடுவார். பல நேரம் ‘ஆங்கிலம் மோசம்’னா ‘இந்தப் பத்தி புரியலை’ன்னுதான் அர்த்தம்.

எந்த வரிகள் புரியலைன்னு எடிட்டருக்கு மரியாதையா எழுதிக் கேளுங்க. நான் கேட்டப்ப ஒரு தடவை 5 வரி எண் வந்துச்சு. அதுல 3 இடத்துல மொழி நல்லாத்தான் இருந்துச்சு, என் செய்முறை விளக்கம்தான் குழப்பம். இன்னொரு தடவை பதிலே இல்ல. அந்த ரெவ்யூவர் என் பேரைப் பார்த்துட்டுத்தான் எழுதினார்னு இன்னைக்கும் நினைக்கறேன்.

காசு கட்டித் திருத்தற சர்வீஸுக்கு உடனே ஓடாதீங்க. ‘இருக்கலாம்’னு நான் எழுதினதை ஒருத்தர் அழகா ‘இருக்கிறது’ன்னு ஆக்கிட்டார், கண்டுபிடிப்பே மாறிப்போச்சு. அதுக்கு முன்னாடி லேப்ல வேற வேலை செய்யற ஒருத்தர்கிட்ட பத்தியைக் கொடுங்க. படிச்சதும் மூடிவெச்சுட்டு என்ன புரிஞ்சுதுன்னு சொல்லச் சொல்லுங்க.

வந்திருக்கறது மேஜர் ரிவிஷன்தானே, அதாவது நல்லாத் திருத்தி மறுபடி அனுப்புங்கன்னுதானே, நிராகரிக்கலையே? பதில் கடிதத்தை எழுதிட்டு எனக்கு அனுப்புங்க, எங்கயாவது ‘டவுட்’ இருக்கான்னு பார்க்கறேன்.