கந்தோர்: ஒல்லாந்தர் விட்டுப்போன சொல்லைப் பற்றிச் சில கேள்விகள்

போன கிழமை நான் ஏதோ எழுதும்போது "கந்தோர்" என்று ஒரு சொல் போட்டிருந்தேன். எழுத்துப்பிழையா என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். சரி, இந்தச் சொல்லைப் பற்றி என்ன கேட்க வேண்டுமோ கேளுங்கள் என்றேன். வந்தவற்றுக்கு என் பதில்கள்.

மதுரைக்காரர் ஒருவர்: கவுண்டர் என்பதைத்தான் மாற்றி எழுதிவிட்டீர்களோ என்று நினைத்தேன். கந்தோர் என்றால் என்ன?

இலங்கைத் தமிழில் அலுவலகம், ஐயா. ஒல்லாந்தரின் டச்சு மொழியில் "கான்தோர்". அவர்கள் அதைப் பிரெஞ்சுக்காரரிடம் வாங்கினார்கள். அங்கே அது காசு எண்ணும் மேசை. அதற்கும் பின்னால் போனால் எண்ணுதல், கணக்கிடுதல் என்ற பொருளுள்ள இலத்தீன் சொல் நிற்கிறது. நீங்கள் பிழையாக ஊகித்ததாக நினைக்க வேண்டாம். கவுண்டரும் அந்த வேரில் முளைத்ததுதான். கம்ப்யூட்டரும் அப்படியே. ஆக, கந்தோரில் கவுண்டருக்குப் பின்னால் கம்ப்யூட்டரோடு இருப்பவர் ஒரே குடும்பத்து மூன்று பேருக்கு நடுவில் இருக்கிறார்.

கொழும்பிலிருந்து ஒரு தங்கை: அம்மம்மா "தபாற்கந்தோர்" என்பா. வேறு எப்படியெல்லாம் பாவித்தார்கள்?

உத்தியோகம் பார்க்கும் இடம் எதுவானாலும் கந்தோர்தான், பிள்ளை. "கந்தோருக்குப் போட்டு வாறன்", "அப்பா கந்தோரால வந்திட்டாரோ?" என்பது யாழ்ப்பாணத்து வீடுகளில் அன்றாடப் பேச்சு. மாவட்ட நிருவாகத் தலைவரான அரசாங்க அதிபரின் அலுவலகத்துக்கு மட்டும் "கச்சேரி" என்று தனிப்பெயர். அது வடஇந்தியாவிலிருந்து வந்த சொல். இப்போது பேச்சில் ஒபிஸ், எழுத்தில் அலுவலகம். இரண்டுக்கும் நடுவில் கந்தோர் நசுங்கிவிட்டது. தபாலோடு ஒட்டிக்கொண்டதால்தான் கொஞ்சக் காலம் கூட உயிரோடு இருந்தது என்பது என் எண்ணம்.

ஒருவர், கொஞ்சம் கோபமாக: "கந்து" என்பது சங்க காலத்துச் சொல். தூண் என்று பொருள். தூண்கள் உள்ள மண்டபம்தான் கந்தோர். எல்லாவற்றையும் வெள்ளைக்காரனுக்குக் கொடுப்பானேன்?

கந்து பழந்தமிழ்ச் சொல் என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. யானையைக் கட்டுகிற தறிக்கும் அந்தப் பெயர் உண்டு. ஆனால் "ஓர்" எங்கிருந்து வந்தது? அதை விடுங்கள், அக்கம்பக்கத்தைப் பாருங்கள். சிங்களத்தில் "கந்தோருவ". அங்கே தகரம் வல்லோசையாகவே நிற்கும். நாம் மெல்லினத்துக்குப் பின்னால் வரும் தகரத்தை மென்மையாக்கித்தான் சொல்வோம். பந்து, சந்து போல. இந்தோனேசியாவில் அலுவலகம் இன்றைக்கும் "கான்தோர்". நம்முடைய கந்து அந்தத் தீவுகளுக்குப் போய் அலுவலகமாக மாறியது என்று நம்ப எனக்குத் துணிவில்லை. இந்த மூன்று இடத்துக்கும் பொதுவாக இருந்தது ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி. தன் வணிக நிலையங்களையே அது இந்தப் பெயரால்தான் குறித்தது.

நாகப்பட்டினத்துத் தம்பி: எங்கள் ஊரிலும் ஒல்லாந்தர் இருந்தார்களே. இங்கே யாரும் கந்தோர் என்று சொல்வதில்லையே?

நல்ல கேள்வி. பழவேற்காட்டில் 1610 முதலே இருந்தார்கள். நாகப்பட்டினமும் யாழ்ப்பாணமும் ஒரே ஆண்டில், 1658-இல், போர்த்துக்கேயரிடமிருந்து அவர்கள் கைக்குப் போயின. ஆனால் உங்கள் பக்கம் அவர்கள் பிடித்து வைத்திருந்தது துறைமுகங்களை. யாழ்ப்பாணத்தில் 1795 வரை ஊரையே ஆண்டார்கள். காணியைத் தோம்பு என்ற நிலப் பதிவேட்டில் பதிந்தார்கள், வழக்குத் தீர்த்தார்கள், நம்முடைய வழமைகளைக் கேட்டு 1707-இல் தேசவழமைச் சட்டமாகத் தொகுத்தார்கள். ஒரு காணிப் பத்திரமோ வரியோ வழக்கோ இருந்தால் சனம் கந்தோர் வாசலில் நின்றாக வேண்டும். சொல் ஊருக்குள் வந்தது அப்படித்தான் என்று நினைக்கிறேன். காணிப் பத்திரம் எழுதும் நொத்தாரிசும் அந்த வழியில் வந்தவர்தான். ஆங்கிலத்து நோட்டரியில் கடைசியில் சகரம் இல்லை, டச்சு "நோதாரிஸ்" என்பதில் இருக்கிறது.

உங்கள் பக்கம் தங்கியவை வேறு இரண்டு. "துட்டு", கம்பனியின் செப்புக்காசு "டாய்ட்". மலாய்க்காரரும் பணத்தை "டுயிட்" என்றுதான் சொல்கிறார்கள். மற்றது கக்கூசு. "காக்" என்றால் மலம், "ஹவுஸ்" போல ஒலிக்கும் டச்சுச் சொல் வீடு. இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

வேறு என்ன சொற்கள் இருக்கின்றன?

எனக்கு மிகவும் பிடித்த சோடி போஞ்சியும் லாச்சியும். போஞ்சி என்பது பீன்ஸ், லாச்சி என்பது மேசை இழுப்பறை. டச்சில் சின்னப் பொருளைச் சொல்லப் பெயரின் கடைசியில் "-ச்ய" மாதிரி ஒரு விகுதி சேர்ப்பார்கள். "போன்" அவரைக்கொட்டை, "லாட" இழுப்பறை. விகுதி சேர்ந்தால் சின்னக் கொட்டை, சின்ன இழுப்பறை. நம் வாயில் அந்த விகுதி "ச்சி", "ஞ்சி" ஆகிவிட்டது. எந்தப் பெரிய லாச்சியை இழுத்தாலும் நாம் சின்ன லாச்சி என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறோம். இந்தோனேசியரும் லாச்சி என்றே சொல்கிறார்கள். பீன்ஸ் அவர்களுக்கு "புஞ்சிஸ்".

இறாக்கையும் உண்டு. சுவர்த்தட்டு. முன்னால் ஒரு இகரம் போட்டு வல்லின றகரமும் எழுதியதால் தொல்காப்பியர் காலத்திலிருந்தே இருப்பது போலத் தோற்றம். டச்சில் வெறும் "ராக்".

அலமாரி, மேசை, குசினி (சமையலறை)?

போர்த்துக்கேயம். மூன்றும்.

தென்னாப்பிரிக்காவிலிருந்து: இங்கே ஆப்பிரிக்கான்ஸ் பேசுகிறவர்கள் தபால் நிலையத்தைப் "போஸ்கான்தூர்" என்கிறார்கள். தபாற்கந்தோர் அங்கிருந்து வந்ததா?

இல்லை, இரண்டும் உடன்பிறப்புகள். அதே கம்பனி 1652-இல் கேப் டவுனில் இறங்கியது. அங்கே குடியேறியவர்களின் பேச்சு கிளைத்து ஆப்பிரிக்கான்ஸ் ஆனது. கந்தோரும் அதோடு வளர்ந்தது. நாம் முன்பாதியைத் தபால் ஆக்கிக்கொண்டோம், அவர்கள் போஸ் என்றே வைத்துக்கொண்டார்கள். பின்பாதி இரண்டு கரையிலும் ஒன்றுதான்.

கதை எழுதுகிறேன். என் பாத்திரம் "கந்தோர்" என்று சொல்லலாமா?

வயது என்ன? எழுபதைத் தாண்டிய ஓய்வூதியக்காரர் என்றால் தாராளமாகச் சொல்லட்டும். இருபத்தைந்து வயதுப் பெடியன் சொன்னால், ஒன்றில் அவன் தாத்தாவோடு வளர்ந்தவனாக இருக்க வேண்டும், அல்லது யாரையோ நக்கலடிக்கிறான். எது என்பதைக் கதையில் காட்டிவிடுங்கள். "கந்தோர் அலுவலகம்" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். போன மாதம் அப்படியும் ஒன்று வாசித்தேன்.