முதலில் ஆஸ்பத்திரியா, மறுவாழ்வு இல்லமா?

கேள்வி: என் கணவருக்கு 43 வயது, லாரி டிரைவர். தினமும் இரண்டு குவார்ட்டர் குடிக்கிறார். காலையில் டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடித்தால்தான் சிந்தாது. போன கார்த்திகையில் மாலை போட்டு நிறுத்தினார். இரண்டாம் நாளே வலிப்பு வந்துவிட்டது. மூன்று மாதம் தங்கவைக்கும் இல்லத்தில் சேர்க்கச் சொல்கிறார் என் அண்ணன். அவர்களே வேனில் வந்து தூக்கிப் போவார்களாம். மாமியாரோ, சாப்பாட்டில் தெரியாமல் கலந்து கொடுக்க மாத்திரை இருக்கிறது என்கிறார். என்ன செய்வது?
- வாசகி, நாமக்கல்

பதில்: கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது அந்த வலிப்புதான். முதலில் எங்கே சேர்ப்பது என்பதை வீட்டுச் சண்டையை வைத்து முடிவு செய்ய முடியாது. குடியை நிறுத்தினால் உடம்பு என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். நிறுத்தினாலும் பெரிய தொந்தரவு இல்லாதவருக்கு, வீட்டில் ஆள் துணை இருந்தால், ஓ.பி.யில் வந்து மாத்திரை வாங்கிப் போவதே போதும். உங்கள் கணவர் அந்த ரகம் இல்லை. முதல் இரண்டு நாளில் மறுபடி வலிப்பு வரலாம். அப்புறம் நான்காம் நாள் வரைக்கும் புத்தி தடுமாறும் அபாயம் உண்டு. வார்டு கட்டிலில் உட்கார்ந்தபடி கியர் மாற்றிக்கொண்டிருந்த டிரைவரைப் பார்த்திருக்கிறேன். பார்க்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் உயிரே போகக்கூடிய நிலை அது.

அதனால் முதலில் ஆஸ்பத்திரி, ஐந்திலிருந்து பத்து நாள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவே போதும். நடுக்கத்தையும் வலிப்பையும் அடக்கும் டயஸெபாம் வகை மருந்தைக் கொடுத்துப் படிப்படியாகக் குறைப்பார்கள். தயமின் (வைட்டமின் பி1) ஊசியும் போடுவார்கள். தெம்புக்கு என்று பக்கத்துக் கிளினிக்கில் வெறும் குளுக்கோஸ் ஏற்றாதீர்கள். தயமின் இல்லாமல் குளுக்கோஸ் ஏறினால் மூளை பாதிக்கப்படலாம். அட்மிஷன் ஆகும்வரை வீட்டில் வைத்துக் குடியை நிறுத்தச் சொல்லவும் வேண்டாம். லாரிச் சாவி மட்டும் அவர் கைக்குப் போகக் கூடாது.

இல்லம் அதற்கடுத்த பேச்சு. வாரக்கணக்கில் ரோட்டில், குடிக்கிற கூட்டாளிகளோடு இருப்பவர் என்பதால் அவருக்குப் பயன்படலாம். சேர்க்கும் முன் கேளுங்கள்: மாநில மனநல ஆணையத்தில் பதிவு உண்டா, இரவில் நர்ஸ் இருப்பாரா, நீங்கள் போய்ப் பார்க்கலாமா? மூன்று மாதம் போனில்கூடப் பேச முடியாது என்றால் அந்த இடம் வேண்டாம். வேனில் தூக்கிப் போவது சிகிச்சையே இல்லை. சம்மதமில்லாதவரைச் சேர்க்க 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்தில் தனி நடைமுறை இருக்கிறது; மருத்துவர் பரிசோதிக்காமல் நடக்காது.

மாமியார் சொல்வது டைசல்ஃபிராமாக இருக்கலாம். அது உள்ளே இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் விழுந்து சிலர் இறந்தும் போகிறார்கள். அவருக்குத் தெரியாமல் எதையும் கலக்காதீர்கள்.

டிஸ்சார்ஜ் ஆனதும் குணமாகிவிட்டது என்று விட்டுவிட வேண்டாம். குறைந்தது ஒரு வருடம் ஓ.பி.க்கு வர வேண்டும். குடிக்கும் ஆசையைக் குறைக்க நால்ட்ரெக்ஸோன் போன்ற மருந்துகள் உண்டு. கல்லீரல் பரிசோதனையைப் பார்த்து டாக்டர் முடிவு செய்வார். எங்கே போவது என்று குழப்பமாக இருந்தால் மத்திய அரசின் போதை மீட்பு உதவி எண் 14446-க்குப் பேசுங்கள், கட்டணம் இல்லை. ஆஸ்பத்திரியில் குடிக் கதையை ஆரம்பத்திலிருந்து சொல்ல வேண்டாம். வலிப்பு வந்ததை முதலில் சொல்லி, ஓ.பி. சீட்டில் எழுதச் சொல்லுங்கள்.