‘தி குரூசிபிள்’ நாடகத்தைப் படித்துவிட்டேன். 1996-இல் வந்த திரைப்படத்தையும் பார்க்க வேண்டுமா?

அவசியம் பாருங்கள். ஆனால் படத்தின் முதல் சில நிமிடங்களைத் தள்ளிவிட்டுப் பாருங்கள். இப்படிச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும் என்று தெரியும். திரைக்கதையை எழுதியவர் நாடகத்தை எழுதிய ஆர்தர் மில்லரேதான். அதற்காக ஆஸ்கர் பரிந்துரையும் பெற்றவர். அவர் எழுதியதில் எதை விட வேண்டும் என்று சொல்ல நீ யார் என்று கேட்பார்கள். திரைப்படக் கலையைப் பற்றிப் பேசும் தகுதி எனக்கு இருப்பதாக நான் சொல்லிக்கொள்ளவில்லை. அந்த நாடகத்தில் நீதிபதி டான்ஃபோர்த் வேடத்தில் மேடையில் நின்றவன் என்பது மட்டுமே என் தகுதி. அந்த முதல் நிமிடங்களால் பாதிக்கப்பட்டவன் என்பது கூடுதல் தகுதி.

நீங்கள் ஆங்கில இலக்கியம் படிக்கும் மாணவர் என்று எடுத்துக்கொள்கிறேன். ஆகவே 1692-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் உள்ள சேலம் என்ற ஊரில் 19 பேர் சூனியக் குற்றத்துக்காகத் தூக்கிலிடப்பட்டதையும், கம்யூனிஸ்டுகளைத் தேடிப் பெயர்ப்பட்டியல் கேட்டுக்கொண்டிருந்த அமெரிக்காவை மனத்தில் வைத்து மில்லர் 1953-இல் இதை மேடையேற்றினார் என்பதையும் விரிக்கத் தேவையில்லை. உங்கள் பாடநூலின் முன்னுரையிலேயே இருக்கும்.

வேலை நிமித்தம் பாஸ்டனுக்கு அருகே சில ஆண்டுகள் குடியிருந்தபோது, அவ்வூரில் ஆர்வலர்கள் நடத்திய ஒரு நாடகக் குழுவில் சேர்ந்திருந்தேன். டான்ஃபோர்த் வேடம் எனக்குக் கிடைத்ததில் எனக்கே வியப்பு. என் உச்சரிப்பு இடிக்குமோ என்ற அச்சம் இருந்தது. ஆனால் 17-ஆம் நூற்றாண்டுச் சாயலில் மில்லர் உருவாக்கியிருக்கும் அந்த ஆங்கிலத்தை இன்று யாருமே பேசுவதில்லை என்பதால், மதுரைக்காரனும் மாசசூசெட்ஸ்காரனும் அதன் முன் ஏறக்குறைய ஒரே நிலையில்தான் நின்றோம். சிக்கல் வந்தது இயக்குநரிடமிருந்து. அவருக்கு அந்தத் திரைப்படம் மனப்பாடம். படத்தில் வருவது போலவே, பின்னர் ஊராரைச் சூனியக்காரர்கள் என்று குற்றம்சாட்டும் சிறுமிகள் காட்டில் நெருப்பைச் சுற்றி ஆடுவதையும், அவர்களை முன்னின்று நடத்தும் அபிகேல் கோழியின் இரத்தத்தை முகத்தில் பூசிக்கொள்வதையும் பாதிரியார் பாரிஸ் வந்து பார்ப்பதையும் ஒரு முன்காட்சியாகச் சேர்க்கப்போவதாக அறிவித்தார்.

நாடகத்தில் அந்தக் காட்சி கிடையாது. திரை விலகும்போது ஒரு சிறுமி அசைவற்றுப் படுத்திருக்கிறாள். காட்டில் என்ன நடந்தது என்பது ஒவ்வொருவர் வாயிலாகவும் துண்டு துண்டாக, அவரவர் அச்சத்துக்கும் நலனுக்கும் ஏற்ப மாற்றப்பட்டு நம்மிடம் வந்து சேர்கிறது. முதல் அங்கத்திலேயே பெண்கள் தமக்குள் சண்டையிட்டு எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறார்களே, பிறகு காட்டினால் என்ன என்று ஒத்திகையில் என்னிடம் கேட்டார்கள், நீங்களும் கேட்கக்கூடும். பயந்துபோன ஒரு சிறுமி கத்துவதைக் காதால் கேட்பவனுக்கு, எது நிஜம், எது மிகை என்ற குழப்பம் மிச்சமிருக்கும். கண்ணால் பார்த்தவனுக்கு அந்தக் குழப்பம் இல்லை. அவன் அன்றைய சேலத்து மக்களில் ஒருவனாக இல்லாமல், எல்லாம் அறிந்தவனாக நாற்காலியில் சாய்ந்துகொள்கிறான்.

இதன் விளைவு மூன்றாம் அங்கத்தில் என் தலையில் விடிந்தது. சூனியம் கண்ணுக்குத் தெரியாத குற்றம். செய்தவளையும் பாதிக்கப்பட்டவளையும் தவிர அதற்குச் சாட்சி இருக்க முடியாது. செய்தவள் தன்னையே காட்டிக்கொடுக்க மாட்டாள். ஆகவே பாதிக்கப்பட்ட சிறுமிகளின் சொல்லையே நம்பியாக வேண்டும் என்று டான்ஃபோர்த் அடுக்கும் வாதம் அந்த அங்கத்தில்தான் வருகிறது. அதில் ஓட்டை எங்கே என்று உடனே சொல்ல முடியாதபடி மில்லர் எழுதியிருக்கிறார். சற்று நேரத்தில், சிறுமிகள் காட்டில் ஆடினார்கள் என்ற செய்தியை டான்ஃபோர்த் முதன்முறையாகக் கேள்விப்படுகிறார். பாரிஸிடம் திரும்பி, இது உண்மையா என்று கேட்கிறார். பாரிஸ் மழுப்பி மழுப்பி, மனமில்லாமல் ஒப்புக்கொள்கிறார். 72 பேரின் மரண தண்டனைக்குக் கையெழுத்திட்டிருப்பதாகச் சற்றுமுன் சொன்ன மனிதருக்கு, அந்தச் சாட்சிகள் பொய்யர்களாக இருக்கலாம் என்று தோன்றும் ஒரே கணம் அது. நாடகம் வேறு திசையில் போயிருக்கக்கூடிய அந்த இடத்தில் நான் நீண்ட மௌனம் ஒன்றை வைத்திருந்தேன். முதல் நாள் அந்த மௌனத்தில் பார்வையாளர்கள் சிரித்தார்கள். அவர்களுக்குத்தான் எல்லாம் முன்பே தெரியுமே! நாடகம் முடிந்து வெளியே வந்தபோது ஒரு பெரியவர் என் கையைக் குலுக்கி, எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது உங்கள் நீதிபதிக்கு மட்டும் தெரியவில்லையே என்று பாராட்டாகவே சொல்லிவிட்டுப் போனார். நான் முட்டாளாக நடிக்கவில்லை என்பதை அவரிடம் விளக்க முடியவில்லை. இயக்குநரிடம் விளக்க முயன்றேன். அரங்கு நிறைந்துவிட்ட மகிழ்ச்சியில் அவர் காதில் அது விழவில்லை. இன்றுவரை எனக்கு அதில் மனத்தாங்கல் உண்டு.

நேர்மையாகச் சொல்வதானால், அதே பள்ளத்தைத் தானே வெட்டிக்கொண்ட திரைப்படம் அதில் விழாமல் தப்பிக்கிறது. காரணம் டான்ஃபோர்த்தாக நடித்த பால் ஸ்கோஃபீல்டு. அவர் குரலை உயர்த்துவதே அபூர்வம். எதிரில் நிற்பவர் சொல்வதைப் பொறுமையாகக் கேட்கிறார். இவரிடம் உண்மையைச் சொன்னால் நியாயம் கிடைத்துவிடும் என்று நம்மையே நம்பவைக்கிறார். நாம் எல்லாவற்றையும் பார்த்துவிட்ட பிறகும் அவரைக் கண்டு சிரிக்கத் தோன்றாது. 1966-இல், இதைப் போலவே நாடகத்திலிருந்து உருவான ‘எ மேன் ஃபார் ஆல் சீசன்ஸ்’ படத்தில், மனச்சாட்சிக்கு விரோதமாக உறுதிமொழி எடுக்க மறுத்துத் தலையைக் கொடுத்த தாமஸ் மோராக நடித்து ஆஸ்கர் பெற்றவர் அவர். முப்பது ஆண்டுகள் கழித்து, பொய் வாக்குமூலத்தில் கையெழுத்திடு, இல்லையேல் தூக்கு என்று நாடகத்தின் நாயகனான ஜான் பிராக்டரிடம் கேட்கும் இருக்கையில் அவரை அமர்த்தியிருக்கிறார்கள். திட்டமிட்டோ தற்செயலாகவோ, இதைவிடப் பொருத்தமான தேர்வு இருக்க முடியாது. (உண்மையான தாமஸ் டான்ஃபோர்த், தூக்குத் தண்டனைகளை விதித்த அந்தச் சிறப்பு நீதிமன்றத்தில் உறுப்பினராகவே இருக்கவில்லை, தலைமை வகித்தவர் வில்லியம் ஸ்டவ்டன். நான் நடித்த மனிதர் சார்பில் இதைப் பதிவு செய்வது என் கடமை.)

மற்றவற்றில் படம் பெரும்பாலும் வென்றிருக்கிறது. இயக்குநர் நிக்கோலஸ் ஹைட்னர் மேடையிலிருந்து வந்தவர்; இருந்தும், மஞ்சள் பறவை துரத்துவதாகக் கத்திக்கொண்டு சிறுமிகள் நீதிமன்றத்தை விட்டு ஓடித் தண்ணீரில் இறங்கும் காட்சியைப் போல மேடையால் முடியாததைத் துணிந்து செய்திருக்கிறார். பிராக்டரின் மனைவி எலிசபெத்தாக வரும் ஜோன் ஆலனின் அடக்கம் பிராக்டராக நடித்த டேனியல் டே-லூயிஸின் கொந்தளிப்பைவிட என்னைக் கவர்ந்தது. கற்களின் கீழ் நசுக்கப்பட்டும் வாய் திறக்காத, குற்றம்சாட்டப்பட்டவர்களில் ஒருவரான ஜைல்ஸ் கோரியின் சாவைப் படம் நேராகக் காட்டுகிறது. நாடகத்தில் எலிசபெத் அதைத் தணிந்த குரலில் கணவனிடம் சொல்வதே கனமானது என்பது என் கருத்து. 1957-இல் பிரெஞ்சு மொழியிலும் ஒரு படம் வந்தது. பிரெஞ்சு எழுத்தாளர் சார்த்தர் திரைக்கதை எழுதி, செல்வர்க்கும் எளியோர்க்கும் இடையிலான மோதலாகக் கதையைத் திருப்பியிருப்பார். அதை உங்கள் தேர்வு முடிந்தபின் பார்த்துக்கொள்ளலாம்.

1996 படத்தில் தூக்குமேடையில் பிராக்டர் கர்த்தர் கற்பித்த ஜெபத்தைச் சொல்வது நாடகத்தில் இல்லை; ஆனால் வெறும் கற்பனையும் அல்ல. 1692 ஆகஸ்ட் 19 அன்று உண்மையான பிராக்டரோடு தூக்கிலிடப்பட்ட ஜார்ஜ் பரோஸ் என்ற போதகர் அந்த ஜெபத்தைப் பிழையின்றிச் சொன்னார். சூனியக்காரரால் அது முடியாது என்பது அக்கால நம்பிக்கை என்பதால் கூட்டம் கலங்கியது. காட்டன் மேதர் என்ற இன்னொரு போதகர் பேசி அமைதிப்படுத்திய பிறகே மற்றவர்களைத் தூக்கிலிட்டார்கள்.

படம் பார்த்தபின் தேர்வு எழுதப் போகிறீர்கள் என்றால் ஓர் எச்சரிக்கை. அபிகேல் சிறைக்கு வந்து பிராக்டரைத் தன்னோடு தப்பி வரச் சொல்வது, போதகர் ஹேலின் மனைவி மீதே அவள் பழி போடுவது, மேற்சொன்ன ஜெபம் ஆகிய மூன்றும் படத்தில் மட்டுமே உள்ளவை. இவற்றை நாடகத்தில் உள்ளவையாக எழுதினால், திருத்துபவர் நீங்கள் புத்தகத்தைத் திறக்கவே இல்லை என்று முடிவு செய்துவிடுவார்.