போடலாமா, பொறுக்கலாமா? தடுப்பூசித் தயக்கம் பற்றிக் கேள்வி-பதில்

கொரோனா கொள்ளைநோய்க் காலத் தடுப்பூசி பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்குப் பொதுச் சுகாதாரத் துறை மருத்துவர்கள் பதில் சொல்கிறார்கள்.

கே: ஒரே வீட்டில் அண்ணன் முதல் நாளே போய் ஊசி போட்டுக்கொள்கிறார். தம்பி ‘எனக்கு வேண்டாம்’ என்கிறார். இருவரும் பார்ப்பது ஒரே செய்தியைத்தான். ஏன் இப்படி?

ப: செய்தி ஒன்றுதான். ஆனால் அதைச் சொல்பவரை இருவரும் ஒரே அளவு நம்புவதில்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு தயக்கத்துக்கு மூன்று காரணங்களைச் சொன்னது: மருந்து மீதோ அதைத் தருபவர் மீதோ நம்பிக்கையின்மை, ‘நமக்கெல்லாம் வராது’ என்ற அசட்டை, போய் வருவதில் உள்ள சிரமம். கணக்கெடுப்பில் இந்த மூன்று வகையினரும் ‘போடாதவர்கள்’ என்ற ஒரே கட்டத்தில் விழுந்துவிடுவார்கள். குழப்பம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. நம்பாதவர் வீட்டு வாசலிலேயே முகாம் போட்டாலும் அவர் வெளியே வரமாட்டார். வேலைக்கு லீவு கிடைக்காதவருக்கு விழிப்புணர்வுப் பிரசங்கம் செய்தால் எரிச்சல்தான் வரும்.

போட்டுக்கொள்பவர்களும் எல்லாரும் ஆய்வுக் கட்டுரை படித்துவிட்டு வருவதில்லை. பக்கத்து வீட்டுக்காரர் ஆக்சிஜன் சிலிண்டரோடு இருந்ததைப் பார்த்தவர், பயணத்துக்குச் சான்றிதழ் வேண்டியவர், ‘ஆபீஸில் எல்லாரும் போட்டாச்சு’ என்பதற்காக வந்தவர் என்று பலர் உண்டு. கொள்கையாகவே எதிர்ப்பவர்கள் மிகக் குறைவு. ‘கொஞ்ச நாள் பார்க்கலாம்’ என்று தள்ளிப்போடுபவர்களே அதிகம்.

கே: பத்து வருடம் ஆகிற வேலையைப் பத்தே மாதத்தில் முடித்தார்கள் என்றால் எதையோ விட்டுவிட்டார்கள் என்றுதானே அர்த்தம்?

ப: நியாயமான சந்தேகம். விட்டது பரிசோதனையை அல்ல, இடையில் இருந்த காத்திருப்பை. கொரோனா வைரஸின் மரபணு வரிசை 2020 ஜனவரியிலேயே வெளியாகிவிட்டது. அதன் மேல்பரப்பில் நீட்டிக்கொண்டிருக்கும் முள்புரதத்தைக் குறிவைக்க வேண்டும் என்பது, அதே குடும்பத்து வைரஸ்களால் வந்த 2002-03 சார்ஸ், 2012 மெர்ஸ் நோய்களின் ஆய்வுகளிலிருந்தே தெரியும். சில தடுப்பூசிகளில் புரதம் செய்யும் குறிப்பைச் சுமந்து செல்லும் எம்ஆர்என்ஏ, உடலுக்குள் போனதும் எழும் அழற்சியை அடக்கும் வழியை கேடலின் கரிக்கோவும் ட்ரூ வைஸ்மனும் 2005-லேயே வெளியிட்டார்கள். 2023-ல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது. வழக்கமாக ஒரு கட்ட முடிவு வந்தபிறகுதான் அடுத்ததற்குப் பணம் தேடுவார்கள். இம்முறை பணம் முன்கூட்டியே வந்ததால், பரிசோதனை நடக்கும்போதே உற்பத்தியும் தொடங்கியது.

இன்னொன்றை யாரும் அதிகம் சொல்வதில்லை. தடுப்பூசிப் பரிசோதனை முடிய, பங்கேற்றவர்களில் போதுமான பேருக்கு நோய் வர வேண்டும். ஃபைசர் பரிசோதனையில் 43,000-க்கும் மேற்பட்டோர் இருந்தார்கள். இறுதிக் கணக்குக்கு எடுத்துக்கொண்டது 170 நோயாளிகளை: ஊசி போட்டவர்களில் 8, ஒப்பிட்டுப் பார்க்க மருந்தில்லாத வெற்று ஊசி போட்டவர்களில் 162. செயல்திறன் 95 சதவீதம் என்பது இப்படி வந்ததுதான். அரிதான நோய் என்றால் அந்த 170 பேருக்காக வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். கொள்ளைநோயில் சில மாதங்களே போதும்.

கே: ரத்தம் உறைகிறது என்று சில நாடுகள் ஊசியையே நிறுத்தின. அப்படியானால் பயந்தவர்கள் சொன்னது சரிதானே?

ப: அந்த ஆபத்து உண்மை. லட்சத்தில் ஓரிருவருக்கு வரும் விளைவு, இருபதாயிரம் பேருக்கு ஊசி போட்டுப் பார்க்கும் பரிசோதனையில் பெரும்பாலும் சிக்காது. கோடிக்கணக்கானோர் போட்ட பிறகுதான் தெரியும். ஆஸ்ட்ராஜெனகா (இந்தியாவில் கோவிஷீல்டு) ஊசி விஷயத்தில் நடந்ததும் அதுதான். 2021 மார்ச்சில் பல ஐரோப்பிய நாடுகள் நிறுத்திவைத்துப் பரிசீலித்தன. பிறகு பல இடங்களில் வயதானவர்களுக்கு மட்டும் தொடர்ந்தார்கள். கொரோனாவால் சாகும் வாய்ப்பு 25 வயதில் ஓர் அளவு, 65 வயதில் அதைவிடப் பல மடங்கு. அதனால் ஒரே ஊசி ஒருவருக்கு லாபமாகவும் இன்னொருவருக்கு யோசிக்க வேண்டியதாகவும் ஆகிறது.

மனசு இந்தக் கணக்கைப் போடுவதில்லை. ‘போட்டதால் வந்தது’ என்பதற்கு ஒரு தேதி உண்டு, கையெழுத்துப் போட்டவர் உண்டு. ‘போடாததால் வந்தது’ விதிக்கணக்கில் எழுதப்படும். குழந்தை விஷயத்தில் பெற்றோருக்கு இந்தச் சாய்வு இன்னும் அதிகம்.

ஊசி போட்ட நான்காம் நாளிலிருந்து சுமார் ஒரு மாதம்வரை விடாத கடும் தலைவலி, பார்வை மங்கல், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், கால் வீக்கம், தீராத வயிற்றுவலி, தோலில் ஊசிமுனை போன்ற சிவப்புப் புள்ளிகள் ஆகியவற்றில் எது வந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்று அந்த வகை ஊசி போட்டவர்களுக்குச் சொல்லி அனுப்ப வேண்டியிருந்தது. சொன்னால் பயந்துவிடுவார்கள் என்று மறைப்பது தவறு. பிறகு தெரியவரும்போது மற்ற ஊசிகள் மீதும் நம்பிக்கை போய்விடும்.

கே: ‘ஆஸ்பத்திரியில் இருப்பவர்களில் பாதிக்கு மேல் ஊசி போட்டவர்கள்’ என்று வாட்ஸ்அப்பில் வருகிறது. பொய்யா?

ப: பெரும்பாலும் பொய்யல்ல, பாதிக் கணக்கு. ஆயிரம் பேர் உள்ள ஊரில் 900 பேர் ஊசி போட்டவர்கள், 100 பேர் போடாதவர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். போட்டவர்களில் 9 பேரும் போடாதவர்களில் 5 பேரும் படுக்கையில் இருக்கிறார்கள். பதினான்கில் ஒன்பது, அதாவது 64 சதவீதம், ஊசி போட்டவர்கள்! இப்போது சரியான எண்ணால் வகுத்துப் பாருங்கள்: 900-க்கு 9 என்றால் 1 சதவீதம், 100-க்கு 5 என்றால் 5 சதவீதம். போடாதவருக்கு ஆபத்து ஐந்து மடங்கு. எல்லாருமே ஊசி போட்டுவிட்டால் படுக்கையில் இருப்பவர் அத்தனை பேரும் ஊசி போட்டவர்களாகத்தானே இருப்பார்கள்? அடுத்த ஃபார்வர்டு வந்தால் ‘எத்தனை பேரில்?’ என்று மட்டும் கேளுங்கள்.

கே: படித்தவர்களே மறுக்கிறார்களே, அது அறியாமையா?

ப: இல்லை. சில இடங்களில் அவநம்பிக்கைக்கு வரலாறு உண்டு. 1996-ல் நைஜீரியாவின் கானோ நகரில் மூளைக்காய்ச்சல் பரவியபோது, ஃபைசர் நிறுவனம் குழந்தைகளிடம் ஒரு மருந்தைச் சோதித்தது; முறையான சம்மதம் பெறவில்லை என்ற குற்றச்சாட்டு நீதிமன்றம்வரை போனது. 2003-ல் அதே கானோ மாநிலம் போலியோ சொட்டு மருந்தை நிறுத்தியது. அங்கிருந்த வைரஸ் பல நாடுகளுக்குப் பரவியது. 2004-ல் இந்தோனேசியாவில் தயாரான மருந்தை ஏற்றுக்கொண்ட பிறகே சொட்டு மருந்து மறுபடி தொடங்கியது. குப்பியில் இருந்த சொட்டு மருந்து அதே வகைதான். வந்த இடம் மட்டும் வேறு. பின்லேடனைத் தேட அமெரிக்க உளவுத் துறை பாகிஸ்தானில் தடுப்பூசி முகாம் நாடகம் நடத்தியதற்கான விலையை, பிறகு கதவைத் தட்டிய சுகாதாரப் பணியாளர்களும் கொடுத்தார்கள்.

கே: கட்டாயமாக்கிவிட்டால் தீர்ந்ததே?

ப: தள்ளிப்போடுபவருக்கு வேலை செய்யும். 2021 ஜூலையில் உணவகம் போன்ற இடங்களுக்குள் நுழையச் சுகாதாரச் சான்று வேண்டும் என்ற விதியைப் பிரான்ஸ் அறிவித்ததும் முன்பதிவு எகிறியது. நம்பாதவரிடம் எதிர்ப்பு இறுகும். 1853-ல் இங்கிலாந்து பெரியம்மைத் தடுப்பூசியைக் கட்டாயமாக்கி, பின்னர் அபராதத்தை அடுக்கியபோது 1885-ல் லெஸ்டர் நகரில் பெரும் கண்டனப் பேரணி நடந்தது. 1898-ல் மனசாட்சியின் பேரில் மறுப்பவர்களுக்குச் சட்டமே விலக்குக் கொடுத்தது.

கே: முகாம் நடத்தினோம். பதிவு செய்தவர்களில் பாதிப்பேர் வரவில்லை. எங்கே தவறு?

ப: முதலில் குப்பியைப் பாருங்கள். பத்து டோஸ் குப்பிகளில் பலவற்றை, திறந்தபின் ஆறு மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும். வீணாகுமே என்று ‘பத்துப் பேர் சேரட்டும், அப்புறம் வாங்க’ என்று திருப்பி அனுப்புவார்கள். தயங்கித் தயங்கி வந்தவர் மறுபடி வருவது அபூர்வம். அவருக்கு இப்போதே போட்டுவிட்டு, நடந்து வரக்கூடிய தூரத்தில் உள்ளவர்களின் போன் எண்களைக் கையில் வைத்திருங்கள். கடைசி இரண்டு மணி நேரத்தில் மிச்சம் உள்ள டோஸுக்கு அவர்களைக் கூப்பிடலாம்.

அடுத்தது நாற்காலி. ஒரு செவிலியர் மூன்று நிமிடத்துக்கு ஒருவருக்குப் போட்டால், 15 நிமிடக் கண்காணிப்புக்கு 5 நாற்காலி, 30 நிமிடம் என்றால் 10. இதைக் கணக்கிடாவிட்டால் ஊசி போட்டவர்கள் வாசலில் நிற்பார்கள். நிற்பவர் ஒருவர் மயங்கி விழுந்தால் வரிசையே கலைந்துவிடும்.

நாள் பார்ப்பதும் முக்கியம். மறுநாள் காய்ச்சல் வந்தால் தினக்கூலிக்காரருக்கு ஒருநாள் சம்பளம் போய்விடும். அவர் மறுப்பது ஊசியை அல்ல, அந்த இழப்பை. விடுமுறைக்கு முந்தைய நாள் மாலையில் வையுங்கள். நினைவூட்டல் செய்தியில் நாள், நேரம், இடத்தோடு ‘உங்களுக்கென ஒரு டோஸ் ஒதுக்கியிருக்கிறோம்’ என்று எழுதுங்கள். ‘தடுப்பூசி போட்டுக்கொள்வீர்’ என்பதைவிட இது எடுபடும்.

கே: என் மாமனாருக்கு 72 வயது, சர்க்கரையும் உண்டு. ஆதாரங்களை அடுக்கினால் இன்னும் பிடிவாதம் பிடிக்கிறார்.

ப: அடுக்காதீர்கள். எல்லார் முன்னிலையிலும் பேசாதீர்கள். நாலு பேர் பார்க்க மனதை மாற்றிக்கொள்வது பெரியவர்களுக்குக் கௌரவப் பிரச்சினை. தனியாக இருக்கும்போது, ‘ஊசி போட்டுக்கிறதுக்குப் பத்துக்கு எத்தனை மார்க் குடுப்பீங்க, மாமா?’ என்று கேளுங்கள். ‘மூணு’ என்றால், ‘ஏன் பத்து இல்லை?’ என்று கேட்டுவிடாதீர்கள். மறுப்பதற்கான காரணங்களை அவரே வரிசையாகச் சொல்லி உறுதிப்படுத்திக்கொள்வார். ‘ஏன் ஒண்ணு இல்லாம மூணு?’ என்று கேளுங்கள். ‘பேத்தி வீட்டுக்கு வந்து போறாளே’ என்பது போல ஏதாவது வரும். பிடித்துக்கொள்ள வேண்டியது அதைத்தான். பிறகு, ‘சர்க்கரை பத்தி டாக்டர் சொன்னதைச் சொல்லட்டுமா?’ என்று அனுமதி கேட்டு ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லுங்கள். அவர் வழக்கமாகப் பார்க்கும் டாக்டரே சொன்னால் இன்னும் நல்லது. அன்றைக்கே சம்மதம் வாங்கப் பார்க்க வேண்டாம்.

கே: வெற்று ஊசி போட்டவர்களுக்கும் காய்ச்சல், தலைவலி வந்ததாமே?

ப: வந்தது. கொரோனா பரிசோதனைகளில் முதல் டோஸாக உப்புநீர் போன்ற வெற்று ஊசி போட்டுக்கொண்டவர்களில் சுமார் மூன்றில் ஒருவர் தலைவலி, அசதி போன்ற தொல்லைகளைச் சொன்னார்கள். நடிப்பல்ல, எதிர்பார்ப்பே உடம்பில் வேலை செய்யும்.

கே: எனக்குச் சந்தேகம் எதுவும் இல்லை. ஊசியைப் பார்த்தாலே மயக்கம் வரும். வெளியே சொல்ல வெட்கம், அதனால் ‘நம்பிக்கை இல்லை’ என்று சொல்லிவிடுகிறேன்.

ப: உங்களைப் போல நிறையப் பேர். நுழைந்ததும் செவிலியரிடம் சொல்லிவிடுங்கள், படுக்க வைத்தே போடுவார்கள். ஊசிக்குச் சற்று முன்பு கால், தொடை, வயிற்றுத் தசைகளையும் ஊசி போடாத கையையும் 10 முதல் 15 நொடி இறுக்கி, 20 முதல் 30 நொடி தளர்த்துங்கள். ஐந்து முறை செய்தால் ரத்த அழுத்தம் திடீரென இறங்குவதைத் தடுக்கும். ஊசி போடும் கையை மட்டும் தொளதொளவென்று விட்டுவிடுங்கள்; அதை இறுக்கினால் வலி கூடும். முடிந்ததும் உடனே எழ வேண்டாம்.