மணல் கடல் கடக்காது

அன்புள்ள எழுத்தாளருக்கு,

கச்சான் காற்று தொடங்கியதிலிருந்து காலையில் மோட்டார் சைக்கிள் இருக்கையில் விரல் வைத்தால் வெளிறிய மஞ்சளாக ஒட்டுகிறது. ‘சகாரா மணல் இலங்கைக்கு வந்துவிட்டது’ என்று வாட்ஸ்அப்பில் வந்த செய்தியை அலுவலகத்தில் எல்லோரும் நம்புகிறார்கள். உண்மையா? பிள்ளைகளுக்கு முகக்கவசம் போட வேண்டுமா? நீங்கள் ஏன் இப்போது சிறுகதை எழுதுவதில்லை?

க., உப்புவெளி

அன்புள்ள க.,

சிறுகதையை விடுங்கள். முகக்கவசத்தை மருத்துவரிடம் கேளுங்கள். உங்கள் இருக்கையில் படிவது பெரும்பாலும் நம்மூர் மண்தான். மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டித் தீர்த்துவிட்டு, உலர்ந்து சூடேறித் திருக்கோணமலைப் பக்கம் இறங்குகிற காற்று கச்சான். அரபிக்கடல் தாண்டித் தூசி ஏதும் சுமந்து வந்தாலும், பெரும்பங்கை அந்த மழையே கழுவிவிடும்.

என்னைச் சீண்டியது ‘மணல்’ என்ற சொல். மணல், புழுதி, தூசி, துகள் என்று பிரித்துப் பிரித்துப் பெயர் வைத்த மொழியில் பிறந்துவிட்டு, எல்லாவற்றையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டினால் எப்படி, தம்பி? நிலாவெளியில் காற்று நாளில் கெண்டைக்காலைச் சுரீரென்று அடிக்குமே, அது மணல். துள்ளும், விழும், மறுபடி துள்ளும். இடுப்புயரம் எழுந்தாலே பெரிது. அத்லாந்திக் நடுவே சகாராவின் சில பெரிய துகள்களை ஆய்வாளர்கள் பிடித்திருக்கிறார்கள்தான்; விதிவிலக்கைக் காட்டி வாதாட வராதீர்கள்.

இதை நான் படித்தது புத்தகத்தில் அல்ல, தம்பலகாமத்தில் அம்மம்மாவின் களத்தில். சிறுபோக அறுவடை முடிந்து கச்சான் வீசும் பின்னேரம், சுளகைத் தலைக்கு மேல் தூக்கி மெல்லச் சரிப்பார். நெல் நேரே காலடியில் விழும். பதர் நாலடி தள்ளி விழும். வைக்கோல் துணுக்குகள் காற்றடிக்கும் பக்கம் நின்ற என் தலையில் வந்து செருகும். தூசி விழுந்ததை மட்டும் நான் பார்த்ததே இல்லை. வியர்த்த அவர் கழுத்து மடிப்பில் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு இருக்கும், அவ்வளவுதான். “காற்று கெட்டிக்காரன், எடை பார்த்துத்தான் எடுப்பான்” என்பார். ‘காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்’ என்பதைச் சந்தர்ப்பவாதிகளின் தாரக மந்திரமாக்கிவிட்டோம். அவருக்கு அது வேலை நேரம்.

சகாராவில் நடப்பதும் அதே தூற்றல்தான். ஆனால் மென்தூசி தானாகக் கிளம்பாது; ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடக்கும். துள்ளி விழும் மணல் தரையில் மோதும்போதுதான், பாயைத் தட்டினால் எழுவதுபோல் எழும். தட்டிவிட்ட மணல் அங்கேயே கிடக்க, தூசி பயணம் போகிறது. கொதிக்கும் தரையிலிருந்து மேலெழும் காற்று அதை ஐந்து கிலோமீற்றர் உயரம்வரைகூடத் தூக்கிவிடும். பிறகு ஒரு வாரத்தில் அத்லாந்திக்கைக் கடந்துவிடும். 1832இல் கேப் வேர்டே தீவுகளில் டார்வினின் கப்பல் நின்றபோது வானை மங்கலாக்கியது அந்தத் தூசிதான். நுண்ணுயிர்களின் சிலிக்கா ஓடுகள் அதில் இருந்ததைப் பின்னர் ஜேர்மன் ஆய்வாளர் எரன்பேர்க் கண்டார்.

சாட் நாட்டின் போடெலே பள்ளத்தைப் பாருங்கள். ஒருகாலத்தில் பெரிய ஏரி, இன்று உலகிலேயே அதிகம் தூசி கிளப்பும் இடங்களில் ஒன்று. திபெஸ்தி, என்னெடி மலைகளுக்கு இடையால் பாயும் காற்று, செத்த ஏரியின் நுண்பாசி ஓடுகளைப் பொடியாக அள்ளிச் செல்கிறது. 2007 முதல் 2013 வரையான செயற்கைக்கோள் அளவீடுகளின்படி, அமேசான் படுகையில் ஆண்டுக்குச் சராசரியாக 2.77 கோடி தொன் சகாராத் தூசி இறங்குகிறது. அதில் சுமார் 22,000 தொன் பொசுபரசு. மழை அரித்துக்கொண்டு போகும் உரத்தை, வற்றிய ஏரி கடல் தாண்டி ஈடு செய்கிறது. இதைப் போய் ‘மணல்’ என்கிறீர்கள்!

உங்கள் கேள்வி என்ன? ஆம், இருக்கை. நாளைக் காலை அதை ஈரத் துணியால் துடைத்து, கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் அலசுங்கள். மணல் உடனே அடியில் போய் உட்கார்ந்துவிடும். மதியம் வேலை முடிந்து வந்து பார்க்கும்போதும் தண்ணீர் கலங்கியிருந்தால், அலுவலகத்தாரிடம் அந்தக் குவளையைக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.