மலைநாட்டில் சாடியில் வளரும் கள்ளிச் செடிகளைப் பூச்சியிடமிருந்து காப்பாற்ற என்ன மருந்து அடிக்கலாம்?

நுவரெலியாவில் இருக்கிறீர்கள், கள்ளியின் இடுக்குகளில் வெள்ளைப் பஞ்சு போல ஒட்டுகிறது, எச்செவேரியா என்ற சதைப்பற்றுச் செடியின் இலைகளை இரவில் ஏதோ கடித்துவிட்டுப் போகிறது, மருந்து சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் ஹட்டன் பக்கம். எங்கள் இஸ்தோப்பில் நாற்பது சாடி இருக்கின்றன. மருந்தைப் பிறகு பார்ப்போம், முதலில் ஒரு டோர்ச் லைட்டை எடுங்கள்.

நானும் முதலில் எலி என்றுதான் நினைத்தேன். ஒரு வாரம் பொறி வைத்தும் எலி விழவில்லை, இலை மட்டும் குறைந்துகொண்டே வந்தது. ஒரு நாள் மழை விட்ட கையோடு இரவு ஒன்பது மணிக்கு வெளிச்சம் அடித்துப் பார்த்தால், ஓடில்லாத நத்தைகள் நாலு சாவகாசமாக மேய்கின்றன. காலையில் இலையில் வெள்ளி போலக் காய்ந்த கோடு தெரிந்தால் திருடன் அதுதான். பக்கத்தில் கோவா, லீக்ஸ் பாத்தி இருந்தால் இன்னும் மோசம். ஈரச் சாக்கு ஒன்றைச் சாடிகளுக்கு நடுவில் போட்டு, அடியில் இரண்டு கோவா இலையை வையுங்கள். விடியும்போது அதன் கீழேதான் ஒதுங்கிக் கிடக்கும், பொறுக்கி அப்புறப்படுத்தலாம். சாம்பல் தூவச் சொல்வார்கள். நனைந்த சாம்பலை நத்தை மதிக்காது, நம் ஊர் மழையில் அது எத்தனை நாள் காய்ந்திருக்கும்? உப்பைப் போடவே வேண்டாம், மண்ணில் இறங்கிச் செடியைக் கெடுத்துவிடும். கடையில் கிடைக்கும் நத்தை மருந்து சிலவற்றில் மெட்டல்டிஹைட் இருக்கிறது. வீட்டில் நாய் இருந்தால் அதைத் தொடாதீர்கள்.

எல்லாவற்றையும் விட உதவியது தலைக்கு மேல் ஒரு ஒளி புகும் தகடு. மே மாதம் தென்மேற்குப் பருவமழை தொடங்கினால் எங்கள் பக்கம் செப்டெம்பர் வரை விடாது. அதில் நனையும் கள்ளி பூச்சி கடிக்கும் முன்பே அழுகிவிடும்.

சரி, அந்த வெள்ளைப் பஞ்சு. அது மாவுப்பூச்சி. பார்மசியில் சர்ஜிக்கல் ஸ்பிரிட் வாங்கி, காது குடையும் பஞ்சுக் குச்சியில் தோய்த்து ஒவ்வொன்றாகத் தொட்டு எடுங்கள். ஒரு தடவையோடு முடியாது. முட்டைகள் பொரித்து வரும், ஆகவே வாரத்துக்கு ஒரு தடவையாக மூன்று நாலு வாரம் செய்ய வேண்டும். பொறுமை இல்லாமல் நான் ஒரு முறை பாத்திரம் கழுவும் திரவத்தைத் தண்ணீரில் கெட்டியாகக் கலந்து உச்சி வெயிலில் அடித்தேன். பூச்சி போனதோ இல்லையோ, எச்செவேரியாவின் மேல் இருந்த சாம்பல் நிற மெழுகுப் பூச்சு போய், இலையெல்லாம் கருகிப் புள்ளி விழுந்தது. அந்தப் பூச்சு பழைய இலையில் திரும்ப வராது. வேப்பெண்ணெயும் அதைக் கரைத்துவிடும். அடிப்பதானால் மாலையில், முதலில் ஒரே ஒரு இலையில் சோதித்துப் பாருங்கள்.

ஒரு சுவையான விஷயம். சப்பாத்திக் கள்ளியில் இருக்கும் பஞ்சை நசுக்கினால் இரத்தம் போலச் சிவந்தால் அது மாவுப்பூச்சி அல்ல, கொச்சினீல். காடாகப் பரவிய சப்பாத்திக் கள்ளியை அழிக்க 1860களில் இலங்கைக்கு வேண்டுமென்றே கொண்டுவந்த பூச்சி அது. டாக்டிலோபியஸ் சிலோனிக்கஸ் என்று பெயரிலேயே சிலோனைச் சுமக்கிறது.

எறும்பு ஏறுகிறதா என்று கட்டாயம் பாருங்கள். மாவுப்பூச்சி கசியும் இனிப்புக்காக எறும்பு அதைக் காவல் காக்கும். சமையலறை அலமாரிக் காலுக்குத் தண்ணீர்க் கிண்ணம் வைப்போமே, அதையே சாடி வைக்கும் மேசைக்கும் செய்தேன். ஆனால் தேங்கிய தண்ணீரில் நுளம்பு முட்டையிடும், டெங்கு பார்க்க வரும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பிஎச்ஐ) ஐயாவுக்குப் பதில் சொல்ல முடியாது. இப்போது மேசைக் காலில் கிரீஸ் தடவுகிறேன்.

பெப்ரவரி, மார்ச் வறட்சியில் கள்ளியின் உச்சி துருப் பிடித்தது போலப் பழுப்பானால் சிலந்திப் பூச்சி. தேயிலையில் வரும் சிவப்புச் சிலந்தியின் உறவுதான். காலையில் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவிவிட்டால் பெரும்பாலும் அடங்கும். அதற்காகத் தோட்டத்தில் தேயிலைக்கு அடிக்கும் மருந்தை ஒரு போத்தலில் கேட்டு வாங்கி வந்து வீட்டு வாசலில் தெளிக்காதீர்கள்.

எனக்கு மாவுப்பூச்சி வந்ததே சாலையோரம் வாங்கிய ஒரு சாடியோடுதான். இப்போது எந்தச் செடி வந்தாலும் ஒரு மாதம் தனியாக வைக்கிறேன். உங்களுடையதில் பஞ்சைத் துடைத்தும் செடி சோர்ந்தே இருந்தால், சாடியைக் கவிழ்த்து வேரைப் பாருங்கள். வேரிலும் வெள்ளையாக இருந்தால் மண் முழுவதையும் தூர எறிந்து, வேரைக் கழுவி, நாலைந்து நாள் நன்றாகக் காயவைத்துப் புது மண்ணில் நடுங்கள். ஜூன் மாதத்தில் இங்கே காயவைக்க ஏது வெயில்? நான் அடுப்படிக்கு மேலே இருக்கும் தட்டில் வைத்தேன். "கருவாடு வைக்கிற இடத்துல முள்ளுச் செடியா?" என்று அம்மா அந்த வாரம் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தார்.