சைட்டை அடமானம் வைக்கும் முன் அந்த நோட்டைப் பாருங்கள்

அடுத்து என்ன படிப்பது என்று ஆலோசனை கேட்க, பெங்களூர் கே.ஆர்.புரத்திலிருந்து என்னிடம் நான்கு பேராக வந்திருந்தார்கள். அப்பா மகாதேவபுரத்தில் ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் சூப்பர்வைசர். அம்மா வீட்டிலேயே ப்ளவுஸ் தைக்கிறார். செகண்ட் பி.யூ.வில், அதாவது பன்னிரண்டாம் வகுப்பில், பி.சி.எம்.சி. (இயற்பியல், வேதியியல், கணிதம், கம்ப்யூட்டர் சயின்ஸ்) எடுத்து 91 சதவீதம் வாங்கிய மகள். நான்காவது ஆள், ஒயிட்ஃபீல்டில் சாஃப்ட்வேர் கம்பெனியில் இருக்கும் தாய்மாமா. பேச்சைத் தொடங்கியதே அவர்தான். எஞ்சினியரிங் நுழைவுத் தேர்வான சி.இ.டி.யில் ரேங்க் 60,000ஐத் தாண்டிவிட்டது, நல்ல கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்காது, மேனேஜ்மென்ட் கோட்டாவில் நான்கு வருடத்துக்கு 22 லட்சம் என்று ஏஜென்ட் சொல்கிறார், ஹொசகோட்டையில் இருக்கும் வீட்டுமனை சைட்டை அடமானம் வைத்தால் முடிந்துவிடும், வெள்ளிக்கிழமைக்குள் அட்வான்ஸ் கட்ட வேண்டும்.

"இவ என்னமோ சோஷியல் சயின்ஸ் படிக்கணும்ங்கிறா மேடம். நீங்கதான் எடுத்துச் சொல்லணும்" என்று அம்மா கண் கலங்கினார்.

முதல் பத்து நிமிடம் நானும் ஆறுதல்தான் சொன்னேன். அதுவரை வாயே திறக்காமல் இருந்த பெண், பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து மேஜையில் வைத்தாள். கோலார் தங்கவயலில், மாரிக்குப்பம் லைன் வீட்டில் தனியாக இருக்கிற பாட்டிக்கு விதவை பென்ஷன் எழுதிப்போட, போன வருட லீவில் இவள்தான் துணைக்குப் போயிருக்கிறாள். பக்கத்துக்குப் பக்கம் ஸ்கேல் வைத்துப் போட்ட கட்டம். தேதி, வரிசையில் நின்ற நேரம், கூப்பிட்ட நேரம், எந்த கவுண்டர், உட்கார்ந்திருந்தது ஆணா பெண்ணா, என்ன கேட்டார்கள், வெளியே மனு எழுதுகிறவர் வாங்கிய காசு. மொத்தம் 11 நாள். அதில் 6 நாள் 'ஆம்பளை யாராவது இருந்தா கூட்டிட்டு வாங்க' என்று பாட்டியிடம் சொல்லியிருக்கிறார்கள். அந்த ஆறில் நான்கு முறை சொன்னது பெண் ஊழியர். அந்த வரிக்குப் பக்கத்தில் பென்சிலில் சின்னதாக: 'லேடியும் ஏன் இப்படிச் சொல்றாங்க?'

அதைப் படித்ததும் ஏஜென்ட் கொடுத்த பேப்பரை மடித்து மாமா கையிலேயே கொடுத்துவிட்டேன்.

இந்தப் பெண் பென்சிலில் எழுதியதை உலகம் முழுக்கப் பெரிய பெரிய ஆராய்ச்சியாளர்கள் வருடக்கணக்கில் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். 2001ல் இரண்டு குழுக்கள் பல நாட்டுப் புள்ளிவிவரங்களை வைத்து, பெண்கள் அதிகம் பங்கேற்கும் ஆட்சிகளில் ஊழல் குறைவாகத் தெரிகிறது என்று எழுதின. அப்படியானால் பெண்களை நாற்காலியில் உட்கார வைத்தால் போதுமா? வேறு சிலர் அதை மெல்போர்ன், டெல்லி, ஜகார்த்தா, சிங்கப்பூர் என நான்கு ஊர்களில் சோதித்துப் பார்த்து, 2009ல் வெளியிட்டார்கள். மெல்போர்னில் பெண்கள் லஞ்சத்தைக் குறைவாகவே சகித்தார்கள். மற்ற மூன்று ஊர்களிலும் ஆணுக்கும் பெண்ணுக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசமே இல்லை. ஆக, பெண் என்பதால் மட்டும் எதுவும் மாறிவிடுவதில்லை. அவள் வளர்ந்த ஊரும், உட்கார்ந்திருக்கும் அலுவலகத்தின் பழக்கமும் சேர்ந்துதான் முடிவு செய்கின்றன. பாட்டியின் கவுண்டரில் இவள் பார்த்ததும் இதைத்தான்.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. பஞ்சாயத்துத் தலைவர் பதவிகளில் மூன்றில் ஒன்று பெண்களுக்கு என்று 1993ல் 73வது சட்டத்திருத்தம் வந்தது. எந்த ஊருக்குப் பெண் தலைவர் என்பது சுழற்சியில் விழுந்தது, யாரும் விரும்பித் தேர்ந்தெடுத்ததில்லை. அதனால் பெண் தலைவர் வந்த ஊரையும் வராத ஊரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நியாயமாக ஒப்பிட முடிந்தது. ராகவேந்திர சட்டோபாத்யாய், எஸ்தர் டஃப்லோ என்ற இரண்டு ஆய்வாளர்கள் மேற்கு வங்கத்திலும் ராஜஸ்தானிலும் அப்படி ஒப்பிட்டு 2004ல் எழுதினார்கள். பெண் தலைவர் வந்த இடங்களில் குடிநீருக்குக் கூடுதல் பணம் போயிருந்தது, ஏனென்றால் அந்த ஊர்ப் பெண்கள் அதிகம் முறையிட்டது குடிநீரைப் பற்றித்தான். டஃப்லோவுக்கு 2019ல் பொருளாதார நோபல் கிடைத்தது.

அம்மாவுக்காக இன்னொன்றும் சொன்னேன். மேற்கு வங்கத்தில் 495 கிராமங்களில் பார்த்து 2012ல் வெளியிட்ட ஆய்வு அது. இரண்டு முறை பெண் தலைவர் வந்த ஊர்களில், மகனை இவ்வளவு படிக்க வைக்கணும், மகளுக்கு இது போதும் என்று பெற்றோர் மனதில் இருந்த இடைவெளி சுருங்கியிருந்தது. அவர் அண்ணனைத் திரும்பிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

சரி, இதில் வேலை என்ன என்று அப்பா கேட்டார். நியாயமான கேள்வி. சி.ஏ., லா, பி.காம். பற்றி நான் இங்கே பேசப்போவதில்லை, தெருவுக்கு நான்கு பேர் அதைச் சொல்வார்கள். ஊர் ஊராகப் போய் மக்களிடம் கேட்டுக் கணக்கெடுக்கும் இந்தக் கள ஆய்வு வேலையைப் பக்கத்திலிருந்து பார்த்துச் சொல்ல ஆள் குறைவு.

ஒரு கிராமத்தில் போய் "லஞ்சம் கொடுத்தீங்களா?" என்று கேட்டால் யாரும் ஆமாம் என்று சொல்ல மாட்டார்கள். 'மாமூல்' என்று கேட்க வேண்டும், 'செலவு எவ்வளவு ஆச்சு' என்று கேட்க வேண்டும், ஊருக்கு ஊர் சொல் மாறும். மாமியார் திண்ணையில் உட்கார்ந்திருக்கும்போது மருமகளிடம் கேள்வி கேட்டால் பதில் மாமியாருடையதாகத்தான் வரும். தனியாகப் பேச இடம் பார்க்கத் தெரிய வேண்டும். நேராகக் கேட்க முடியாததற்கு ஒரு அழகான வழி இருக்கிறது. ஊரில் பாதிப் பேரிடம் நான்கு வாக்கியங்களைக் காட்டி, 'இதில் எத்தனை உங்களுக்கு நடந்தது? எதெது என்று சொல்ல வேண்டாம், எண்ணிக்கை மட்டும் போதும்' என்பார்கள். மீதிப் பாதிப் பேருக்கு அதே நான்கோடு 'சான்றிதழுக்குப் பணம் கொடுத்தேன்' என்ற ஐந்தாவது வாக்கியமும் இருக்கும். இரண்டு பக்கச் சராசரியையும் கழித்தால், யாரையும் காட்டிக்கொடுக்காமல் எத்தனை பேர் கொடுத்தார்கள் என்பது தெரிந்துவிடும். எடுத்த பேட்டிகளில் ஒரு பங்கை வேறொருவர் மறுபடி போய்ச் சரிபார்ப்பார். பிறகுதான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஸ்டேட்டா என்ற புள்ளியியல் மென்பொருளிலோ ஆர் என்ற கணினி மொழியிலோ கணக்குப் போடுவது. மாமாவுக்கு நான் சொன்னது இதுதான்: உங்கள் மருமகள் கோடிங் எழுதத்தான் போகிறாள், ஆனால் எதற்காக எழுதுகிறோம் என்பது அவளுக்குத் தெரிந்திருக்கும்.

தமிழ், கன்னடம், இங்கிலீஷ், தட்டுத்தடுமாறி இந்தி. நம் பெங்களூர்ப் பிள்ளைகள் இதை ஒரு தகுதியாகவே நினைப்பதில்லை. இந்தத் துறையில் இதற்கு மதிப்பு அதிகம். ஊரும் தோதான ஊர். அரசு சேவைகளுக்கு மக்களே மார்க் போடும் 'சிட்டிசன் ரிப்போர்ட் கார்ட்' பிறந்தது இங்கேதான், பொருளாதார அறிஞர் சாமுவேல் பால் முயற்சியில், 1993–94ல். அடுத்து 1999லும் 2003லும் அதையே திரும்ப எடுத்தபோது சேவைகள் மேம்பட்டிருப்பது தெரிந்தது. லஞ்சம் கொடுத்தவர்களே பெயர் சொல்லாமல் எழுதும் 'ஐ பெய்ட் எ பிரைப்' தளத்தை 2010ல் ஜனாக்ரஹா என்ற தொண்டு அமைப்பு ஆரம்பித்ததும் இங்கேதான். நாகரபாவியில் 1972ல் பொருளாதார அறிஞர் வி.கே.ஆர்.வி. ராவ் தொடங்கிய, சமூக, பொருளாதார ஆராய்ச்சி நடத்தும் ஐசெக் நிறுவனம் இருக்கிறது.

வழி இதுதான். பொருளாதாரம் படிக்கட்டும், கூடவே புள்ளியியலோ கணிதமோ கட்டாயம் இருக்கட்டும். "கணக்கை விட்டுடலாமா மேடம்?" என்று அவள் மெதுவாகக் கேட்டாள். கூடாது. இந்தத் துறையில் கணக்கை விட்டவர்கள் பாதி வழியிலேயே நின்றுவிடுகிறார்கள். அம்பேத்கர் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் என்று மாநில அரசின் பல்கலைக்கழகமே இங்கே இருக்கிறது, 2017ல் தொடங்கியது. பெங்களூரில் பிறந்து வளர்ந்த பல பெற்றோருக்கே அப்படி ஒன்று இருப்பது தெரியாது. அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகத்தில் குடும்ப வருமானத்தைப் பார்த்துக் கட்டண உதவி உண்டு. பட்டம் முடித்து இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் டெல்லி, கொல்கத்தா மையங்களில் எம்.எஸ். குவான்டிடேட்டிவ் எகனாமிக்ஸ் என்ற முதுகலைப் படிப்பில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம் இல்லை, மாதா மாதம் உதவித்தொகையும் வரும். நுழைவுத் தேர்வு கடினம், அதற்குத்தான் கணக்கு. அரசு வேலைதான் நிம்மதி என்றால், புள்ளியியலை ஒரு பாடமாகப் படித்த பட்டதாரிகளுக்கு யு.பி.எஸ்.சி. நடத்தும் இந்தியப் புள்ளியியல் பணித் தேர்வு இருக்கிறது. நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். எனும் ஆராய்ச்சி உதவித்தொகைக்குத் தேர்வாகிப் பிஎச்.டி. சேர்ந்தால் தொடக்கத்தில் மாதம் 37,000 ரூபாய்.

பணத்தைப் பற்றி இரண்டு பக்கமும் கறாராகவே பேசினேன். இந்தத் துறையில் முதல் சில வருடச் சம்பளம் மாமாவின் கம்பெனியில் புதிதாகச் சேருகிறவர் வாங்குவதைவிடக் குறைவாக இருக்கும். வேலை ஒப்பந்தத்தில்தான் தொடங்கும், ப்ராஜெக்ட் முடிந்தால் அடுத்தது தேட வேண்டும். எம்.ஏ. இல்லாமல் மேலே ஏற முடியாது. மாதக்கணக்கில் வெளியூரில் தங்க வேண்டிவரும். சேருவதற்கு முன் தங்குமிடம், வண்டி, இன்சூரன்ஸ் என்ன என்று எழுத்தில் கேட்டு வாங்கச் சொன்னேன். இதை மறைத்துப் பேசினால் நானும் ஏஜென்ட்தான்.

இன்னொரு பக்கம்: 'லிபரல் ஆர்ட்ஸ்' என்ற பெயரில் எஞ்சினியரிங் சீட்டுக்குச் சமமாகக் கட்டணம் கேட்கும் தனியார் இடங்களுக்கும் நான் சரி சொல்ல மாட்டேன். முழு உதவித்தொகை கிடைத்தால் போகலாம், இல்லையென்றால் அரசுக் கல்லூரியோ உதவிபெறும் கல்லூரியோ போதும். பட்டப்படிப்புக்காக யாரும் சைட்டை அடமானம் வைக்க வேண்டாம், எந்தப் படிப்பாக இருந்தாலும்.

"நம்ம சொந்தத்துல யாரும் இதைப் படிச்சதில்லையே" என்றார் மாமா. தங்கை மகள் மேல் உள்ள அக்கறையில்தான் சொன்னார். ஆனால் விரும்பாத படிப்பில் நான்கு வருடம் அரியர் வைத்தால், அந்த 22 லட்சத்துக்கு வட்டி கட்டப்போவது அவர் இல்லை, ஷிஃப்டுக்குப் போகும் அப்பா.

கடைசியில் அப்பா அந்த நோட்டைக் கையில் எடுத்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். பாட்டி அவருடைய அம்மா. 11 நாள் அலைந்தது அவருக்கு இதுவரை தெரியாது.

அப்பாவிடம் இரண்டே காரியங்கள்தான் சொல்லி அனுப்பினேன். சைட் பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும், வெள்ளிக்கிழமை யாருக்கும் பணம் கட்ட வேண்டாம். புதன்கிழமை சாயங்காலம் மகளை மட்டும் அனுப்புங்கள், நோட்டையும் கொண்டுவரச் சொல்லுங்கள். அந்த 11 நாளையும் எக்செலில் ஏற்றி, கல்லூரிக்கான விண்ணப்பக் கட்டுரையை அதிலிருந்தே ஆரம்பிக்கலாம்.